படகு இல்லாதவர் பாஸ் மீன்பிடி கிளப்பில் சேர: பின்தளத்திலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

வேலைக்காக டாலஸ் பக்கம் வந்து, சனி ஞாயிறில் லூயிஸ்வில் ஏரிக்கரையில் தூண்டில் போட்டுப் பழகி, பாஸ் படகுகள் கடந்து போவதைப் பார்த்து 'நமக்கும் ஒரு நாள்' என்று நினைத்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். பாஸ் என்று நான் சொல்வது லார்ஜ்மவுத் பாஸை. நம் ஊர் கொடுவாய்க்கும் இதற்கும் உறவு கிடையாது. இது ஏரியிலும் ஆற்றிலும் வாழும் நன்னீர் மீன்.

நான் நாலு வருடமாகப் படகு இல்லாமலேயே ஒரு கிளப்பில் இருக்கிறேன். என் மூலமாக ஆறேழு பேர் சேர்ந்திருக்கிறார்கள். மீன் பிடிக்கத் தெரியாததால் யாரும் சிரமப்படவில்லை. முதலில் செய்ய வேண்டியதைக் கடைசியில் செய்ததால்தான் சிரமப்பட்டார்கள். அதனால் வரிசையை மாற்றாமல் படியுங்கள்.

ஒரு விஷயத்தை முன்னாலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான கிளப் போட்டிகளில் ஒரு படகுக்கு இரண்டு பேர்: முன்தளத்தில் படகுக்காரர், பின்தளத்தில் படகு இல்லாதவர். படகுக்காரருக்கும் கூட ஒருவர் தேவை: படகை இறக்க, வலை பிடிக்க, பெட்ரோல் செலவைப் பகிர. நீங்கள் யாரிடமும் சலுகை கேட்டுப் போகவில்லை. காலியாக இருக்கும் ஓர் இடத்தை நிரப்பப் போகிறீர்கள். அந்த இடத்தை எப்படி நிரப்புவது என்பதுதான் இந்த வழிகாட்டி.

1. கடைக்குப் போகும் முன் கூட்டத்துக்குப் போங்கள்

புதியவர்கள் செய்யும் முதல் தவறு, 600 டாலருக்குக் கோலும் ரீலும் வாங்கிவிட்டு அப்புறம் கிளப் தேடுவது. எந்த ஏரிகளில் போட்டி, எத்தனை கோல் வரை கொண்டுவரலாம், வலை அனுமதி உண்டா என்பதெல்லாம் கிளப்புக்குக் கிளப் மாறும். அது தெரியாமல் வாங்கியதில் பாதி கராஜில்தான் கிடக்கும்.

கிளப்பைக் கண்டுபிடிக்க மூன்று வழிகள் உண்டு. பி.ஏ.எஸ்.எஸ். நேஷன் அமைப்புக்கு மாநிலந்தோறும் கிளை இருக்கிறது, அதன் கீழ் உள்ளூர் கிளப்கள் இருக்கின்றன. பாஸ் ஃபெடரேஷன் எனப்படும் டி.பி.எஃப். அமைப்பும் அப்படியே. இரண்டாவது வழி, தூண்டில் சாமான் விற்கும் சின்னக் கடைகளின் அறிவிப்புப் பலகை. மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. போட்டி நடக்கும் நாளில், மதியம் இரண்டு மூன்று மணி வாக்கில், படகுத்துறைக்கு நேரில் போய், பிடித்த மீன்களை எடை போடுவதைப் பாருங்கள்.

அங்கே போனால் யார் யாரிடம் எப்படிப் பேசுகிறார்கள் என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். மீன் இல்லாமல் வந்தவரிடம் மற்றவர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று கவனியுங்கள். கிளப்பின் குணம் அதில் தெரியும். ஒன்று மட்டும்: படகை ட்ரெய்லரில் ஏற்றிக்கொண்டிருப்பவரிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள். எடை முடிந்து எல்லோரும் நிழலில் நிற்கும்போது போய், படகு இல்லாத உறுப்பினரைச் சேர்ப்பீர்களா, அடுத்த கூட்டம் எப்போது என்று கேளுங்கள். மாதக் கூட்டத்துக்கு விருந்தினராக வர யாரும் காசு கேட்பதில்லை.

2. சேரும் முன் கேட்க வேண்டியவை

கிளப் விதிகளில் படகு இல்லாதவருக்கு இரண்டு பெயர்கள் வரும்: 'நான்-போட்டர்' அல்லது 'கோ-ஆங்லர்'. இரண்டும் ஒன்றுதான். இங்கே கோ-ஆங்லர் என்றே எழுதுகிறேன்.

முதல் கேள்வி, கிளப்பில் படகுக்காரர் எத்தனை பேர், கோ-ஆங்லர் எத்தனை பேர் என்பது. இதைத்தான் யாரும் கேட்பதில்லை, எல்லாவற்றையும் விட முக்கியமானதும் இதுதான். 12 படகுக்கு 15 கோ-ஆங்லர் இருந்தால் மாதந்தோறும் மூன்று பேர் கரையில் நிற்பார்கள், பெரும்பாலும் புதியவர்கள். என் மூலம் வந்த ஒருவர் சந்தா கட்டிவிட்டு முதல் மூன்று மாதமும் படகு ஏறவே இல்லை. 12 படகுக்கு எட்டுப் பேர் இருக்கும் கிளப் என்றால் உங்களைக் கையோடு அழைத்துக்கொள்வார்கள்.

இரண்டாவது, ஜோடியை எப்படிச் சேர்க்கிறார்கள்? சீட்டுக் குலுக்கிப் போடும் கிளப்பும் உண்டு, ஜோடியாகவே பதிவு செய்யும் கிளப்பும் உண்டு. ஆரம்பத்தில் குலுக்கல் கிளப்தான் நல்லது. மாதம் ஒருவரோடு போவதால், ஒரே வருடத்தில் பத்துப் பேர் மீன் தேடும் விதத்தைப் பக்கத்திலிருந்து பார்க்கிறீர்கள். ஜோடி கிளப்பில் உங்களுக்கு முன்கூட்டியே ஒரு கூட்டாளி வேண்டும்.

மூன்றாவது, கோ-ஆங்லருக்குத் தனிப் பரிசும் தனிப் புள்ளிப் பட்டியலும் உண்டா? படகுக்காரரோடு சேர்த்து ஒரே பட்டியலில் வைத்தால், முன்தளத்தில் நிற்பவரோடு நீங்கள் நேராகப் போட்டி போட வேண்டியிருக்கும். அதிலும் தப்பில்லை, ஆனால் தெரிந்துகொண்டு சேருங்கள்.

நான்காவது, பெட்ரோல் செலவில் உங்கள் பங்கு எவ்வளவு? எங்கள் கிளப்பில் ஒரு நாளைக்கு 40 டாலர் என்று எழுதியே வைத்திருக்கிறோம். எழுதி வைக்காத கிளப் என்றால் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பின்னால் சங்கடம் வருவது இதில்தான்.

வருடச் சந்தா, போட்டி நுழைவுக் கட்டணம், பெரிய மீனுக்கான தனிப் பந்தயம், மேல் அமைப்பின் உறுப்பினர் கட்டணம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். தனித்தனியாகச் சின்னத் தொகைதான். மொத்தமாகப் பார்த்தால்தான் வருடக் கணக்கு புரியும்.

3. லைசென்ஸும் தாள்களும்

டெக்சாஸில் மீன்பிடி லைசென்ஸ் ஆண்டு செப்டம்பர் 1-ல் தொடங்கி ஆகஸ்ட் 31-ல் முடிகிறது. ஜூலையில் வருட லைசென்ஸ் வாங்கினால் இரண்டு மாதத்தில் தீர்ந்துவிடும். நான் கடைசியாக வாங்கியபோது மாநிலவாசிக்கு நன்னீர் லைசென்ஸ் 30 டாலர். மாநிலவாசி என்று கணக்கில் வர, தொடர்ந்து ஆறு மாதத்துக்கு மேல் இங்கே குடியிருந்திருக்க வேண்டும். 17 வயதுக்குக் கீழ் இருந்தால் லைசென்ஸ் வேண்டாம்.

அடுத்தது பலருக்குத் தெரியாத ஒன்று. 1993 செப்டம்பர் 1 அல்லது அதற்குப் பின் பிறந்தவர், 15 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட எஞ்சின் உள்ள படகை டெக்சாஸில் தனியாக ஓட்ட, படகோட்டும் பாதுகாப்பு வகுப்பு முடித்த சான்றிதழ் வேண்டும். 'நான் ஓட்டப் போவதில்லையே' என்று நினைப்பீர்கள். காலையில் படகுத்துறையில் படகுக்காரரே ட்ரக்கைப் பின்னால் எடுத்தால், படகில் உட்கார்ந்து அதை நீரில் நகர்த்தப் போவது நீங்கள்தான். இணையத்திலேயே முடிக்கலாம். சேரும் முன் முடித்துவிடுங்கள்.

லைசென்ஸ் வருவதற்குள் பழக வேண்டுமா? டெக்சாஸ் மாநிலப் பூங்காக்களில் கரையில் நின்று பிடிக்க லைசென்ஸ் தேவையில்லை. அடுத்த படிக்கு அந்த இடங்கள் போதும்.

4. கரையிலேயே மூன்று வேலைகளைப் பழகிவிடுங்கள்

படகில் ஏறிய பிறகு பழகலாம் என்று நினைக்காதீர்கள். அது படகுக்காரருக்கும் போட்டி நாள்.

முதலாவது வீசுவது. தலைக்கு மேலாக, நேராக வீசப் பழகுங்கள். கரையில் பக்கவாட்டில் சுழற்றி வீசினால் யாருக்கும் பாதகமில்லை. படகிலோ உங்கள் பக்கவாட்டில் ஒரு மனிதர் நிற்கிறார், தூண்டிலில் மூன்றுமுனை முள் இருக்கிறது. தோட்டத்தில் ஒரு வாளியை வைத்து, முள் இல்லாத ஈயக்குண்டைக் கட்டி, பத்து மீட்டரிலிருந்து அந்த வாளிக்குள் போடுங்கள். பத்து வீச்சில் ஆறு விழுந்தால் போதும். உருளையே சுழலும் பெய்ட்காஸ்ட் ரீலில் நரம்பு சிக்குவது இன்னும் நிற்கவில்லையென்றால், போட்டிக்கு ஸ்பின்னிங் ரீலோடு போங்கள். யாரும் குறைவாக நினைக்க மாட்டார்கள். ஆனால் இருபது நிமிடம் உட்கார்ந்து சிக்கெடுத்தால் அந்த இருபது நிமிடமும் உங்களுடையது.

இரண்டாவது முடிச்சு. பாலோமர் முடிச்சு ஒன்று போதும், ஆனால் அரையிருட்டிலும் குளிர்ந்த விரலாலும் போட வர வேண்டும். விளக்கை அணைத்துவிட்டுப் பழகுங்கள்.

மூன்றாவது ட்ரெய்லரைப் பின்னால் எடுப்பது. வாடகைக்குச் சின்ன ட்ரெய்லர் எடுத்து, காலி வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு மதியம் முழுக்கப் பழகுங்கள். ஸ்டியரிங்கின் அடிப்பாகத்தைப் பிடித்துக்கொண்டு, ட்ரெய்லரின் பின்புறம் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்தினால் குழப்பம் வராது. இது தெரிந்த கோ-ஆங்லரைப் படகுக்காரர்கள் விரும்பிக் கேட்பார்கள். படகை அவரே இறக்கிக்கொள்ள, ட்ரக்கை நீங்கள் பார்த்துக்கொள்வதால் துறையில் பின்னால் நிற்கும் வரிசை வேகமாக நகரும். பழக முடியாமல் போனால் 'எனக்குத் தெரியாது' என்று முந்தைய நாளே சொல்லிவிடுங்கள். தெரியும் என்று சொல்லி அடுத்தவர் ட்ரக்கில் முயற்சி செய்ய வேண்டாம்.

5. மூன்று கோல், ஒரு பை

பின்தளத்தில் இடம் குறைவு. எட்டுக் கோலோடு வருகிறவரைப் பார்த்ததும் படகுக்காரர் முகம் மாறுவதை நான் கண்டிருக்கிறேன். நாள் முழுவதும் அவர் அந்தக் கோல்களைத் தாண்டித்தான் நடக்க வேண்டும்.

மூன்று போதும். ஒன்று, ஏழடி மீடியம்-ஹெவி பெய்ட்காஸ்ட் கோல், 15 பவுண்டு ஃப்ளோரோகார்பன் நரம்பு, பிளாஸ்டிக் புழுவுக்கும் தகடு சுழலும் ஸ்பின்னர்பெய்ட்டுக்கும். இரண்டு, ஏழடி மீடியம் ஸ்பின்னிங் கோல், 10 பவுண்டு பின்னல் நரம்பும் முனையில் 8 பவுண்டு ஃப்ளோரோகார்பனும். சின்னப் புழுவை மெதுவாகக் காட்டும் ஷேக்கி ஹெட், டிராப் ஷாட் போன்ற மெல்லிய வேலைக்கு. மூன்றாவதாக உங்களுக்குக் கைவந்த எதுவும் இருக்கலாம்.

பெரும்பாலான கிளப்களில் செயற்கை இரை மட்டும்தான், ஒரு நேரத்தில் ஒரே கோல்தான் நீரில் இருக்கலாம். இரைகளை ஒரே மென்பையில் அடக்குங்கள், பக்கங்கள் கடினமான பெட்டி வேண்டாம். மென்பிளாஸ்டிக் புழுக்களைப் பையை விட்டு வெளியே வைக்காதீர்கள். வெயிலில் உருகிச் சாயம் விட்டால் தளத்துக் கம்பளத்தில் கறை போகாது.

லைஃப் ஜாக்கெட் உங்களுடையதாக இருக்க வேண்டும். படகில் ஒன்று இருக்கும், ஆனால் அது உங்கள் அளவுக்கு இருக்காது. இதில் நம்மவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். நீச்சல் தெரியாமல் வளர்ந்தவர்கள் நம்மில் நிறையப் பேர். நீந்தத் தெரியாதவருக்குக் காற்று நிரம்பும் வகை பொருந்தாது. நுரை வைத்த வகையையே வாங்கி, எஞ்சின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் நாள் முழுவதும் கழற்றாதீர்கள். நீந்தத் தெரியாது என்பதைப் படகுக்காரரிடம் காலையிலேயே சொல்லுங்கள். மறைத்தால் ஆபத்தான நேரத்தில் அவர் தவறாகக் கணக்குப் போடுவார்.

மற்றவை: மழைச்சட்டையும் மழைக்கால்சட்டையும், வெயில் நாளிலும்கூட. விடியற்காலையில் மணிக்கு 60 மைல் வேகத்தில் போகும்போது காற்றைத் தடுப்பது அதுதான். வெயில் கண்ணாடி, தலைவிளக்கு, மூக்கு நீண்ட இடுக்கி, அளவுப்பலகை, இரண்டு லிட்டர் தண்ணீர். ஒரு கையால் சாப்பிடக்கூடிய உணவு நல்லது. சப்பாத்திச் சுருள் எனக்குச் சரியாக வருகிறது. வாழைப்பழம் மட்டும் வேண்டாம். படகில் வாழைப்பழம் இருந்தால் மீன் கிடைக்காது என்று இங்கே நிறையப் பேர் மனதார நம்புகிறார்கள். அவர் படகு, அவர் நம்பிக்கை.

வெளிறிய அடிப்பாகம் உள்ள காலணி போடுங்கள். வெயில் களிம்பைக் கரையிலேயே பூசிக்கொண்டு வாருங்கள். படகுக்குள் தெளித்தால் கம்பளத்தில் தடம் பதியும்.

6. குலுக்கல் முடிந்த இரவு: ஒரு தொலைபேசி அழைப்பு

உங்களுக்கு யார் என்று தெரிந்ததும் நீங்களே முதலில் அழையுங்கள். அவர் அழைக்கட்டும் என்று காத்திருந்தால், அக்கறையில்லாதவர் என்ற எண்ணம் படகு ஏறும் முன்பே வந்துவிடும்.

எங்கே, எத்தனை மணிக்குச் சந்திப்பது, எத்தனை கோல் கொண்டுவரலாம், துறையில் நான் என்ன வேலை செய்ய வேண்டும், நாளை ஆழத்தில் தேடுவோமா கரையோரத்திலா? இந்த நாலும் போதும். கடைசிக் கேள்வி அவருடைய இடங்களைக் கேட்பதற்கல்ல, எந்த இரையைக் கட்டிக்கொண்டு வருவது என்று தெரிந்துகொள்வதற்கு. 'எங்கே போகிறோம்' என்று கேட்டால் அவருக்குச் சொல்ல மனம் வராது. 'எத்தனை அடி ஆழம்' என்றால் சொல்வார்.

அன்றிரவே நரம்பை மாற்றி, இரையைக் கட்டி, பெட்ரோல் பணத்தை நோட்டாக எடுத்து வையுங்கள்.

7. படகுத்துறையில் காலை

சொன்ன நேரத்துக்குப் பதினைந்து நிமிடம் முன்னால் போய் நில்லுங்கள். பெட்ரோல் பணத்தை அப்போதே கையில் கொடுங்கள். மாலையில் கொடுத்தால், மீன் கிடைக்காத நாளில் அது இருவருக்கும் சங்கடம்.

படகை நீரில் விடும் முன் மூன்றைச் சத்தமாகக் கேளுங்கள்: அடியில் உள்ள வடிகால் அடைப்பான் போட்டாயிற்றா, பின்பக்கப் பட்டைகள் கழற்றியாயிற்றா, லைசென்ஸும் பணப்பையும் ட்ரக்கிலிருந்து எடுத்தாயிற்றா? பழகினவர்களே மறப்பது இவற்றைத்தான். அடைப்பான் இல்லாமல் இறங்கிய படகை நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன். கேட்டதற்கு யாரும் கோபப்பட மாட்டார்கள்.

எஞ்சினை நிறுத்தும் கயிற்றுச் சாவி எங்கே மாட்டியிருக்கிறது, அதை எப்படி இழுப்பது என்று கேட்டு வையுங்கள். 26 அடிக்குக் குறைந்த படகை ஓட்டுபவர் அதை உடலோடு மாட்டியிருக்க வேண்டும் என்பது 2021 ஏப்ரல் 1 முதல் அமெரிக்க மத்தியச் சட்டம். அவர் தவறி விழுந்தால் எஞ்சின் தானே நிற்கும். அப்புறம் படகைத் திரும்ப எடுக்கப் போவது நீங்கள். அதனால் மறுபடி கிளப்பும் முறையையும் தெரிந்துகொள்ளுங்கள்.

புறப்படும்போது கோல்களைப் பட்டையில் இறுக்குங்கள், தொப்பியைக் கழற்றி உள்ளே வையுங்கள், கைப்பிடியைப் பிடித்து உட்காருங்கள். அலையில் படகு குதிக்கும்போது உடம்பை விறைப்பாக வைத்தால் முதுகு தாங்காது. காலில் சற்று எடையைத் தாங்கிக்கொள்ளுங்கள்.

8. பின்தளத்தில் எட்டு மணி நேரம்

படகை முன்னால் இருப்பவர் ட்ரோலிங் மோட்டார் என்னும் சின்ன மின்மோட்டாரால் நகர்த்துகிறார். எந்த இடத்துக்கும் அவர் இரைதான் முதலில் போகும். உங்களுக்குக் கிடைப்பது அவர் வீசிவிட்டுப் போன நீர். இதைக் குறையாக எடுத்துக்கொண்டவர்கள் இரண்டு மாதத்தில் விலகிவிட்டார்கள். உண்மையில் அந்த நீரில் மீன் மிச்சம் இருக்கிறது, ஆனால் அவர் காட்டிய இரையைப் பார்த்தும் கடிக்காத மீன். அதற்கு வேறு ஒன்றைக் காட்ட வேண்டும்.

அவர் வேகமாக இழுக்கும் ஸ்பின்னர்பெய்ட்டோ கிராங்க்பெய்ட்டோ போட்டால், நீங்கள் மெதுவாக விழும் புழுவைப் போடுங்கள். அவர் கரையை நோக்கி வீசினால், நீங்கள் படகின் மறுபக்கம் ஆழத்தை நோக்கியோ பின்பக்கமாகவோ வீசுங்கள். ஒரு முறிந்த மரத்தின் முன்பக்கத்தில் அவர் போட்டிருந்தால், படகு கடந்த பின் அதன் பின்பக்கம் உங்களுடையது. எடையில்லாமல் கட்டிய குச்சிப் புழு, ஷேக்கி ஹெட், ஈயத்துக்குப் பின்னால் தள்ளிப் புழுவைக் கட்டும் கரோலைனா ரிக் மூன்றும் பின்தளத்துக்கென்றே அமைந்தவை போல வேலை செய்யும். அவர் போடுவதையே நீங்களும் போடுவதுதான் புதியவர்களின் பெரிய தவறு. அவர் மீன் பிடித்ததும் உடனே அதே நிற இரையைக் கட்டத் தோன்றும். அடக்கிக்கொண்டு, அதே ஆழத்தில் வேறு வடிவத்தைப் போடுங்கள்.

எல்லைக்கோடு ஒன்று இருக்கிறது. படகின் நடுவிலிருந்து முன்னால் உள்ள நீர் அவருடையது. மூக்குக்கு முன்னால் வீசாதீர்கள், அவர் போகவிருக்கும் மரத்தை முந்திக்கொண்டு குறிவைக்காதீர்கள். நல்ல படகுக்காரர் சில இடங்களில் படகைச் சற்றுத் திருப்பி, 'இது உனக்கு' என்பார். அது அவராகக் கொடுப்பது, கேட்டு வாங்குவதல்ல.

ஒவ்வொரு வீச்சுக்கும் முன் திரும்பிப் பாருங்கள். வீசும்போது ட்ரோலிங் மோட்டார் சட்டென்று இழுத்தால் தடுமாறாமல் இருக்க, கால்களைத் தோள் அகலத்துக்கு விரித்து நில்லுங்கள்.

முள் எதிலாவது மாட்டினால், இரண்டு முறை தளர்த்தி உதறிப் பாருங்கள். வராவிட்டால் நரம்பை அறுத்துவிடுங்கள். ஐந்து டாலர் இரைக்காக அவரைக் காற்றுக்கு எதிராகத் திரும்ப வைத்தால், அவர் கவனமாக நெருங்கிய இடம் கலைந்துவிடும். அவரே 'திரும்பிப் போய் எடுக்கலாம்' என்று சொன்னால் மட்டும் போங்கள்.

அவர் 'மீன்' என்று குரல் கொடுத்த நொடியில் உங்கள் கோலைக் கீழே வைத்துவிட்டு வலையை எடுங்கள். உங்கள் தூண்டிலில் கடி விழுந்துகொண்டிருந்தாலும் சரி. வலையைத் தண்ணீருக்குள் அசையாமல் வைத்திருங்கள், அவர் மீனைத் தலை முன்னால் வரும்படி அதன் மேல் கொண்டுவருவார். மீனைத் துரத்தி வலையை வீசினால் வெளியே தொங்கும் முள் வலையில் சிக்கி, மீன் தப்பிவிடும். எங்கள் கிளப்பில் ஒருவருக்கு அப்படி ஒரு ஆறு பவுண்டு மீன் போனது. வலை பிடித்த புதியவர் அடுத்த மாதம் வரவில்லை. யாரும் அவரைத் திட்டவில்லை. அவர்தான் தன்னை மன்னிக்கவில்லை. அதனால் இதை வீட்டிலேயே நாலு தடவை மனதில் ஓட்டிப் பாருங்கள்.

அவருடைய இடங்களைக் கைபேசியில் குறித்துக்கொள்ளாதீர்கள். அடுத்த வாரம் இன்னொருவரை அங்கே அழைத்துப் போகாதீர்கள், யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். அந்த இடத்தைக் கண்டுபிடிக்க அவர் பல வருடம் செலவழித்திருப்பார். கோ-ஆங்லர் ஒருவரின் பெயர் கெடுவது பெரும்பாலும் இந்த ஒரு காரணத்தால்தான், கெட்ட பெயர் ஒரே வாரத்தில் கிளப் முழுக்கப் பரவிவிடும். எந்த ஆழம், எந்த மாதிரி கரை, தண்ணீரின் வெப்பம், எந்த இரை என்பவற்றை மட்டும் எழுதி வையுங்கள். வேறு ஏரிக்குப் போனாலும் உதவுவது அதுதான்.

9. மீன் படகுக்குள் வந்த பிறகு

டெக்சாஸில் பொதுவாக லார்ஜ்மவுத் பாஸுக்குக் குறைந்தபட்ச நீளம் 14 அங்குலம், ஒரு நாளைக்கு ஐந்து. ஆனால் சில ஏரிகளுக்குத் தனி விதி உண்டு. லேக் ஃபோர்க்கில் 16 முதல் 24 அங்குலத்துக்கு இடைப்பட்ட பாஸை வைத்துக்கொள்ளக் கூடாது. 16 அல்லது அதற்குக் குறைந்தவை, 24 அல்லது அதற்கு மேற்பட்டவை மட்டும்தான், அதிலும் 24-க்கு மேல் நாளுக்கு ஒன்றே. மீனை உயிரோடு வைக்கும் படகுத்தொட்டியில் போட்டாலே வைத்துக்கொண்டதாகத்தான் அர்த்தம். ஒவ்வொரு போட்டிக்கும் முந்தைய நாள் அந்த ஏரியின் விதியைப் பாருங்கள். படகுக்காரருக்குத் தெரிந்திருக்கும் என்று விடாதீர்கள். அபராதம் உங்கள் பெயருக்குத்தான் வரும்.

அளக்கும்போது மீனின் வாய் மூடியிருக்க வேண்டும், வாலைச் சேர்த்துப் பிடிக்க வேண்டும். அளவுப்பலகையை முதலில் நனையுங்கள். காய்ந்த பலகை மீன் மேலுள்ள வழுவழுப்பை உரித்துவிடும். பதினான்கைத் தொட்டும் தொடாமலும் இருந்தால் விட்டுவிடுங்கள். அளவு குறைந்த மீனை எடைக்குக் கொண்டுவந்தால் அந்த மீன் போவதோடு, பல கிளப்களில் மொத்த எடையிலும் கழிப்பார்கள்.

லைவ்வெல் என்னும் தொட்டியில் உங்களுக்கு ஒரு பக்கம் இருக்கும். ஐந்து நிறைந்த பிறகு ஆறாவது பெரிதாகக் கிடைத்தால், சின்னதை விட்டுவிட்டு அதை வைக்க வேண்டும். எது சின்னது என்று தெரிய, மீன் ஒவ்வொன்றுக்கும் வண்ண அடையாளம் மாட்டி எடையைக் குறித்துக்கொள்வார்கள். ஆரம்பத்தில் ஐந்து நிறைவது அரிது. ஆனாலும் அடையாளக் கிளிப்புகளை உங்களுடையதாகக் கொண்டுபோங்கள், அவருடையதோடு கலந்துவிட்டால் தகராறாகும்.

கோடையில் தொட்டி நீர் சூடாவதுதான் மீனைக் கொல்கிறது. பம்ப் ஓடுகிறதா என்று அவ்வப்போது காது கொடுங்கள். செத்த மீனுக்கு எடையில் கழிவு உண்டு. கழிவு இல்லாவிட்டாலும், நாம் பிடித்தது திரும்ப நீந்திப் போக வேண்டும். முள்ளை விழுங்கியிருந்தால் பிடுங்காமல், நரம்பை முள்ளருகே வெட்டிவிடுங்கள்.

இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். உங்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, அவரிடம் ஆறாவதாக ஒரு மீன் இருக்கிறது, 'நீ எடைக்கு வைத்துக்கொள்' என்பார் இரக்கத்தில். வாங்காதீர்கள். போட்டியில் பிறர் பிடித்த மீனைத் தன்னுடையது என்று காட்டுவது டெக்சாஸில் குற்றம். பரிசு 10,000 டாலர் அல்லது அதற்கு மேல் என்றால் அது மூன்றாம் நிலைப் பெருங்குற்றம். சின்னக் கிளப்பில் வழக்கு வராமல் போகலாம், ஆனால் அதன் பிறகு உங்களை யாரும் நம்ப மாட்டார்கள்.

10. எடை, கழுவல், அடுத்த மாதம்

திரும்பும் நேரம் அவர் கணக்கு. பல கிளப்களில் தாமதத்துக்கு நிமிடத்துக்கு ஒரு பவுண்டு கழிப்பார்கள், பதினைந்து நிமிடம் தாண்டினால் நீக்கம்தான். அவர் 'கடைசி வீச்சு' என்றதும் கோலைச் சுருட்டிப் பட்டையில் கட்டுங்கள்.

எடைப்பையில் தொட்டி நீரையே நிரப்பி, மீனைக் கடைசி நேரத்தில் மாற்றுங்கள். வரிசை நீளமாக இருந்தால் பையில் மீனோடு நிற்காதீர்கள். 14 அங்குல மீன் ஒன்றேகால் முதல் ஒன்றரை பவுண்டு வரும். முதல் வருடத்தில் அப்படி ஒன்றிரண்டோடு வருவதே இயல்பு. ஒன்றும் இல்லாவிட்டாலும் எடை முடியும் வரை இருங்கள். பல கிளப்களில் கலந்துகொண்டதற்கே புள்ளி உண்டு, வெற்றி பெற்றவர் பேசுவதைக் கேட்பதும் அங்கேதான்.

படகு வெளியே வந்ததும் உங்கள் வேலை முடியவில்லை. டெக்சாஸ் சட்டப்படி ஏரியை விட்டுப் போகும் முன் படகிலிருக்கும் நீரை எல்லாம் வடிக்க வேண்டும். படகு நீரோடு ஏரிக்கு ஏரி பரவும் வரிச்சிப்பி (ஸீப்ரா மஸ்ஸல்) டெக்சோமா ஏரியில் 2009-ல் புகுந்தது முதல் இந்தக் கவனம் கூடியிருக்கிறது. தொட்டியை வடிப்பது, ட்ரெய்லரில் ஒட்டிய பாசியைப் பிடுங்குவது, பின்தளத்தில் உங்கள் நரம்புத் துண்டுகளைப் பொறுக்குவது, கம்பளத்தைத் துடைப்பது எல்லாம் உங்களுடையது. பத்து நிமிட வேலைதான். இவருடன் போகலாம் என்று படகுக்காரர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்வது இதைப் பார்த்துத்தான்.

அன்றிரவு ஒரு நன்றிச் செய்தி அனுப்புங்கள். போட்டி இல்லாத வாரத்தில் அவர் பழகப் போவதாக இருந்தால், பின்னால் இடமிருந்தால் வருகிறேன் என்று சேர்த்துச் சொல்லுங்கள். போட்டி நாளில் அவர் வாய் திறக்க மாட்டார். பழகும் நாளில் ஆழமானியைக் காட்டி, திரையில் தெரிவது மீனா கிளையா என்று சொல்லித் தருவார்.

அடுத்த மாதப் போட்டிக்கு, அறிவிப்பு வந்த அன்றே பெயர் கொடுங்கள். கோ-ஆங்லர் இடங்கள் பெரும்பாலும் வந்த வரிசையில்தான் நிரம்பும், குலுக்கலுக்கு முந்தைய நாள் கேட்டால் படகு இருக்காது. கொடுத்த பின் வர முடியாமல் போனால், தெரிந்த உடனே சொல்லிவிடுங்கள். கரையில் நிற்கும் இன்னொருவருக்கு அந்த இடம் கிடைக்கும்.